கடைசியில் வைத்த காடு

கவுஞ்சியில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து பூண்டு காயவைக்க ஒரு பொதுக் கொட்டகை கட்டினார்கள். கொடைக்கானலில் கட்டட அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு, எந்த ஆளுக்கு எந்த நாளில் என்ன வேலை என்று கணினியில் பிரித்துப் போடும் பொறுப்பு வந்தது. சுவர் எழும்பிவிட்டது. மழைக்கு முன் கூரை ஏற வேண்டும். இல்லாவிட்டால் போன வருடம் போலப் பூண்டு அழுகிப்போகும்.

கணினி ஆட்கள் தாராளமாக இருப்பதாகக் காட்டியது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதே ஆட்கள்தானே பூண்டும் பிடுங்க வேண்டும்? எங்கள் ஊரில் அதற்குக் கூலியாள் வைப்பதில்லை. இன்று என் பூண்டுக் காட்டுக்கு நீ, நாளை உன் காட்டுக்கு நான். முறை தவறினால் ஊரில் தலைகாட்ட முடியாது. ஒவ்வொரு காட்டையும் ஒரு வேலையாகச் சேர்த்தேன். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை விழுந்து, திரை முழுக்கச் சிவந்துவிட்டது.

"ஆட்டோமேட்டிக்கா லெவல் பண்ணுங்க மேடம்," என்றார் எங்கள் அலுவலக மேலாளர். செய்தேன்; மோதிய வேலைகளைக் கணினியே பின்னால் தள்ளிப் போட்டது. சிவப்பு போனது. கூரை வேலை மழைக்காலத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"பரவால்ல, ரூஃப் அடுத்த சீசன் பாத்துக்கலாம்."

அவருக்கென்ன, அவர் பூண்டா அழுகப்போகிறது? எனக்கு எரிச்சலாக வந்தது. மறுபடி முதலிலிருந்து நானே கையால் போட்டேன். பள்ளத்துக் காடுகள் முன்னால் விளையும். மேட்டுக் காடுகள் கொஞ்சம் பொறுக்கும். கொட்டகையையும் ஒரு காடாக முறையில் சேர்த்து இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். சிவப்பு மறைந்தது. ஆனால் ஒரு மேட்டுக் காடு மட்டும் மழையை ஒட்டிக் கடைசியில் நின்றது. அந்த இடத்தில் யாரை வைப்பது? எங்கள் காட்டையே வைத்தேன்.

"ஏத்தா, ஊர்ப் பூண்டெல்லாம் வெள்ளனே உள்ள போயிரும், நம்மது மட்டும் மழையில கெடக்கணுமா?" என்றார் அப்பா.

"கூரை ஏறிட்டா கெடக்காதுப்பா."

அதோடு என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கொட்டகை முறையன்று வீட்டுக்கு ஓர் ஆளாகத் தவறாமல் வந்தார்கள். தகரம் ஏறியது. எங்கள் முறையன்று காலையிலேயே மேகம் இறங்கிவிட்டது. ஆனால் மற்றக் காடுகள் எல்லாம் முடிந்திருந்தன. யாருக்கும் வேறு சோலி இல்லை. முறைக்கு வர வேண்டியவர்களோடு மற்றவர்களும் வந்து இறங்கினார்கள். கடைசி மூட்டை கொட்டகைக்குள் போனபோதுதான் தகரத்தில் மழை சடசடத்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்த வருசமும் நம்ம காட்டையே கடைசியா போடுத்தா."