என் பேரு சேட்டு இல்ல

இன்னைக்கு திண்டிவனத்துல விழுப்புரம் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி வர்றதுக்குள்ள பின்சீட்டுலருந்து ஒரு குரல்.

"டேய் சேட்டு."

திரும்பிப் பாத்தா, எண்பதுகள்ல என்கூட ஆறாங்கிளாஸ் படிச்ச பாஸ்கர்.

அந்த வருஷம் வாத்தியார் என் பேருக்கு அர்த்தம் கேட்டாரு. எழுந்து சொன்னேன்.

"தரணேந்திரன் நாகங்களுக்கு ராஜா சார். பார்சுவநாதர் தவம் பண்ணப்போ, கொட்டுற மழையில படம் விரிச்சு அவருக்குக் குடை பிடிச்சவரு. எங்க ஜைனக் கதை சார்."

"ஜைனமா? அப்போ சேட்டு வீட்டுப் புள்ள. உக்காரு."

நாங்க தமிழ் ஜைனருங்க. செஞ்சி பக்கம் தலைமுறை தலைமுறையா நெலத்துல மல்லாட்டை பயிர் போடுறவங்க. வட்டிக்கடையும் கிடையாது, இந்தியும் தெரியாது. யாரு கேட்டாங்க? ஸ்கூல் முடியிற வரைக்கும் நான் சேட்டுதான்.

இன்னைக்கு பாஸ்கர் பக்கத்துல வந்து உக்காந்துக்கினு, பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி அந்தக் கதையைச் சொன்னான். மழை, நாகம், குடை, எதையும் விடல.

"எப்படி மறக்கும்டா?"

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாதான் இருந்துச்சு. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.

எறங்கினதும் நம்பர் கேட்டான். கொடுத்தேன். போனைக் கையில வச்சிக்கினு என்னையே பாத்தான்.

"ஆமா, உன் பேரு என்னடா?"

சொன்னேன்.

"ரொம்ப நீளம்டா"ன்னு சொல்லிட்டு, சேட்டுன்னே சேவ் பண்ணிக்கினான்.

கமெண்ட்ல யாரும் அர்த்தம் கேக்காதீங்க. அர்த்தம் ஊருக்கே தெரியுது. பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்க, போதும்.