சந்தனம் வைத்த வாள்

2023 ஒக்டோபர் 23, திங்கட்கிழமை, சரஸ்வதி பூசையின் கடைசி நாள். அன்று சயந்தினிக்கு வயது முப்பத்தாறு. அவளுடைய அலுமாரியில் இருந்த வாளுக்கு, தெரிந்தவர்களின் கணிப்பில், முந்நூற்றைம்பதுக்கு மேல்.

வாள் வாங்குகிற குடும்பமல்ல அது. சயந்தினிக்கு ஹம்பேர்க்கில் செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் வேலை. அப்பா கணேசலிங்கம் 1985இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, துறைமுகக் களஞ்சியம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றார். அம்மா இறந்தபின் மகளோடுதான் இருக்கிறார். அண்ணன் சேகர் ஹம் என்ற வேறொரு நகரத்தில், அங்குள்ள தமிழ்க் கோயிலுக்குக் கிட்ட.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓடாத ஒரு எஸ்-பான் நகர ரயில். மழை கொட்டியது, பிரதான நிலையத்தில் சனம் நெரிந்தது. சயந்தினி பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜப்பானிய வாள். அதன் கூரோடு வெண்மையாக ஓர் அலைக்கோடு ஓடியது, கடற்கரையில் நுரை காய்ந்த மாதிரி. நாள் முழுக்க உலோகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் அவள். இரும்பு இப்படிச் செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. எஸ்-பான் ஓடத் தொடங்கிய பிறகும் அங்கேயே நின்றாள்.

தொடங்குகிறவர்களுக்கு வாள் சேகரிப்பவர்களின் உலகம் சொல்லும் முதல் புத்தி: ஒரு வருடத்துக்குப் புத்தகம் வாங்கு, வாள் வாங்காதே. சயந்தினி இரண்டு மாதம் தாக்குப்பிடித்தாள். இறந்துபோன வைத்தியர் ஒருவரின் வீட்டைக் காலி செய்தவர்களிடம் ஒரு வக்கிசாஷி இருந்தது. முழங்கை நீளத்தைவிடச் சற்று அதிகமான குறுவாள். மூங்கில் ஆணியைத் தட்டிக் கழற்றினால் பிடி தனியே வரும். பிடிக்குள் மறைந்திருந்த கறுத்த பகுதியில் பொன் எழுத்துகள் இருந்தன. வாள் செய்தவரின் பெயராக்கும் என்று நினைத்துக்கொண்டு வாங்கிவந்தாள்.

வீடு கராம்பு எண்ணெய் மணத்தது. வாளுக்குப் பூசும் எண்ணெயில் அது கலந்திருக்கும்.

"ஆருக்குப் பல்லுக்கொதி?" என்று கேட்டபடி வந்த கணேசலிங்கம் மேசையில் கிடந்ததைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் பகிடியை விடவில்லை, ஆனால் குரல் இறங்கிவிட்டது. இதைக் கொண்டு ஆற்ரை பல்லைப் பிடுங்கப்போகிறாய் என்றார். பிறகு, நேரே கேட்டார்.

"இது ஆரையும் வெட்டினதோ?"

"இல்லையப்பா. உதெல்லாம் அழகுக்கு வச்சிருந்தது."

"வெட்டினதெண்டால் சொல்லிப்போடு. நான் சேகரிட்டைப் போறன். அதோட ஒரு கூரைக்குக் கீழ படுக்க எனக்கு ஏலாது."

அவர் வெருட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஊரில் வெட்டுப்பட்ட ஆட்களைக் கண்ணால் கண்ட மனிதர் அவர். யாரை, எங்கே என்று பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை.

சேகரிப்பாளர்கள் மாதம் ஒருமுறை, ஒரு சனிக்கிழமையில், நகரின் அல்தோனாப் பகுதியில் ஓர் உணவகத்தின் பின்னறையில் கூடுவார்கள். வாள் உறையை விட்டு வெளியே வந்தால் அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. எச்சில் ஒரு துளி தெறித்தாலும் இரும்பு துருவேறிக் கறள் பிடிக்கும். குனிந்து வணங்கி, வாங்கி, பார்த்து, வணங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். செத்தவீட்டில்கூட இவ்வளவு அமைதி இருக்காது என்று சயந்தினிக்குத் தோன்றியது.

யூலைக் கூட்டத்துக்குத் தன் வாளைக் கொண்டுபோனாள். பேற்றர்சன் என்ற ஓய்வுபெற்ற கப்பல் பொறியியலாளர் பிடியைக் கழற்றிப் பொன் எழுத்துகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வாளை உறையில் போட்டபிறகுதான் பேசினார். நல்ல அதிர்ஷ்டம் என்றார். இது வாளைச் சோதித்துப் பார்த்தவர் பொறித்தது. அந்தக் காலத்தில் மரணதண்டனை பெற்றவர்களின் உடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெட்டிப் பார்ப்பார்களாம். எழுத்தின் பொருள்: இரண்டு உடல்கள், ஒரே வெட்டு.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வாழ்த்தினார்கள். சயந்தினி நன்றி சொன்னாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவார், சொல்லாவிட்டால் அவரை எதோடு படுக்க வைத்திருக்கிறாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அதன்பின் எஸ்-பானில் அருகருகே இருப்பவர்களை அவளால் சும்மா பார்க்க முடியவில்லை. தோளோடு தோள் சாய்ந்து தூங்கும் இரண்டு மாணவர்கள். ஒரே தொலைபேசிக்குள் தலையை விட்டிருக்கும் கணவனும் மனைவியும். யார் மேலே, யார் கீழே? கூடத்தில் பல் அச்சுகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக இருந்தன. முன்பு அவை வெறும் சாந்துதான். வீட்டில், மூடிய அலுமாரியை வந்து வந்து இன்னொருமுறை மூடினாள். வாளை எடுத்து எண்ணெய் பூசுவதையும் விட்டுவிட்டாள்.

கணேசலிங்கம் இதைக் கவனித்தபடிதான் இருந்தார். ஆசையாக வாங்கிய பொருளைப் பிள்ளை ஏன் தொடுகிறாளில்லை? பசியோடு கிடக்கும் ஒன்றை வீட்டில் பூட்டிவைத்திருப்பது போல அவருக்குப் பட்டது. வெளியே எறியவும் முடியாது, பிள்ளையின் பொருள். பூசை வந்தது. அவர் தன் வழியில் ஒரு முடிவெடுத்தார்.

அந்தத் திங்கட்கிழமை சயந்தினி வந்தபோது சாம்பிராணிப் புகை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் அவளுடைய மெழுகுக் கத்திகள், அப்பாவின் குறடு, மடிக்கணினி, சமையல் கத்தி. நடுவில், உறையில்லாமல், வாள். ஈரத் துணியால் துடைத்து, வெறுங்கையால் இறுக்கிப் பிடித்து, அலைக்கோட்டின்மேலேயே மூன்று இடத்தில் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

ஈரம் இரும்பை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். உடனே துடைத்தால் தப்பும். கை நீட்டினாள்.

"பூசையில வச்சதை விடியும்வரை எடுக்கக்கூடாது," என்றார் கணேசலிங்கம். "அதுக்கும் ஒரு பொட்டு வேணுமெல்லே. பாவம், தனியக் கிடந்தது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். யூலையில் இருந்து முதல்தடவையாக, வெட்டுப்பட்ட அந்த இருவருக்காக யாரோ எதையோ செய்திருக்கிறார்கள், யாருக்கென்று தெரியாமலே. துடைக்க மனம் வரவில்லை. சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு எழும்பினாள்.

விசயதசமிக் காலையில் துடைத்தபோது சந்தனம் இருந்த இடங்கள் மங்கியிருந்தன. அது பெரிதல்ல. அடுத்தடுத்த நாட்களில் வேறொன்று மேலெழுந்து வந்தது. முதலில் ஒரு நிழல், பிறகு கபிலநிறம், பிறகு ரேகைகள். ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் பெருவிரல். வெட்ட வரும் வாளை எதிரில் நிற்பவன் எட்டிப் பிடித்தால் எங்கே பிடிப்பானோ, அங்கே.

பேற்றர்சனிடம் காட்டினாள். மனிதர் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். தேர்ந்தவர் தீட்டினால் ரேகை போகும், ஆனால் ஒவ்வொரு தீட்டலிலும் இரும்பு குறையும் என்றார். வேண்டாமென்றால் விற்றுவிடலாம், வாங்க ஆள் இருக்கிறது. அவள் ஓம் என்று சொல்லிவிட்டாள்.

வாளைக் கட்டிக் கொடுப்பதற்காக மேசையில் விரித்திருந்தபோது கணேசலிங்கம் வந்தார். ரேகைகளைக் கண்டார்.

"ஆரோ பிடிச்சிருக்கினம்," என்றார்.

"உங்கட கையப்பா. பூசைக்கு எடுக்கேக்க பட்டது."

அவர் வாளைத் தொடாமல், தன் கையை ரேகைகளுக்கு மேலே விரித்துப் பார்த்தார். விரலுக்கு விரல் சரியாக இருந்தது. அப்படியும் அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லு பிள்ளை. இது வெட்டினதுதானே?"

அவள் சொன்னாள். தண்டனை, அடுக்கு, ஒரே வெட்டு, எல்லாம். யூலையில் இருந்தே தெரியும் என்பதையும் சொன்னாள். சேகருக்குத் தொலைபேசி எடுப்பார் என்று காத்திருந்தாள். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அந்தப் பொன் எழுத்தில ஆற்ரை பேர் கிடக்கு?"

"வெட்டிப் பாத்தவற்ரை பேர்."

"வெட்டுப்பட்டவையின்ரை?"

"இல்லை."

அவர் வாளின்மேல் குனிந்தார். மூச்சு இரும்பில் படிந்தது. அவள் தடுக்கவில்லை.

"வாங்கிறவன் என்ன செய்வான்?"

"உங்கட ரேகையை, கறளை, எல்லாத்தையும் தீட்டுவான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பான்."

"அப்ப அந்த ரெண்டு பேரையும் ஆர் நினைக்கிறது?" கணேசலிங்கம் எழும்பினார். "அவையை அந்நிய வீட்டுக்கு அனுப்பேலாது. இஞ்சயே கிடக்கட்டும். நானும் கிடக்கிறன். பயந்தான். பயத்தோட படுத்துப் பழக்கம் எனக்கு."

சயந்தினி பேற்றர்சனுக்கு, விற்கவில்லை என்று அறிவித்தாள். ரேகைக்கு மேலே மெல்லியதாக எண்ணெய் பூசினாள். கறள் இனிப் பரவாது, போகவும் போகாது.

வருகிற சனிக்கிழமை அல்தோனாக் கூட்டத்துக்கு அப்பாவும் வருகிறார்; அந்த இரண்டு பேரின் பேர் யாருக்காவது தெரியுமோ என்று கேட்கவேண்டுமாம்.