தஸ்லிமா கழுவிய பாட்டில்

பாலக்கரை தஸ்லிமா கைக்கு மருதாணி வைத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. வேலைக்குப் போகும் நாளில் தேங்காயெண்ணெய்கூடத் தொடமாட்டாள். தில்லைநகரில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடி பாட்டில் கழுவுவது அவள் வேலை. கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். படிப்பு பத்தாவதோடு நின்று, கணவனும் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு பெண்களைக் கரையேற்றியது அந்த வேலைதான்.

காவிரியும் கொள்ளிடமும் வரும் வழியெல்லாம் சருகையும் வேரையும் ஊறவைத்துக்கொண்டே வருகின்றன, டீத்தூளைப் போல. அந்தச் சாறு தண்ணீரில் கரைந்துவிடும், வடிகட்டினால் போகாது. குளோரின் போட்டால் அதோடு சேர்ந்து வேண்டாத பொருள்களை உண்டாக்கும். அந்தச் சாறு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் அந்தக் கூடத்தின் வேலை. அளக்கிற மெஷின் பொல்லாதது, விரலில் ஒட்டிய எண்ணெயைக்கூட ஆற்றின் தலையில் கட்டிவிடும். ஆகவே தஸ்லிமா ஒவ்வொரு பாட்டிலையும் ஆசிடில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, நானூற்றைம்பது டிகிரி உலையில் நாலு மணி நேரம் வைத்தெடுப்பாள்.

போன ஆடியில் கொள்ளிடப் பாலத்துத் தண்ணீரில் அந்த அளவு திடீரென்று எகிறியது. வாரம் ஒருமுறை தண்ணீர் எடுக்கும் மற்ற மூன்று இடங்களில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம், பாலத்தில் மட்டும் பதினொன்று. மூன்று வாரமாக இதே கதை. கூடத்துக்குப் பொறுப்பான தேவதர்ஷினி கெட்டவரல்ல. ஆனால் மேலே நெருக்கினால் பழி கீழேதானே இறங்கும்?

“தஸ்லிமாக்கா, பாட்டில் சரியா கழுவலைன்னுதான் தோணுது. ஒண்ணாந்தேதியிலேர்ந்து வெளியில குடுத்துக் கழுவிக்கலாம்னு இருக்கோம்.”

வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும், கை அழுக்கு என்றல்லவா சொல்லிவிட்டார்கள்! தஸ்லிமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“நாலு இடத்துப் பாட்டிலும் ஒரே உலையில வெந்ததுங்க மேடம். என் கை அழுக்குன்னா நாலுலயும்ல தெரியணும்? பாலத்துல மட்டும் ஏன்? நாளைக்கு நானும் கூடப் போறேங்க.”

 

மறுநாள், தண்ணீர் எடுத்துவரும் வெள்ளைச்சாமியின் ஸ்கூட்டரில் பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அம்மா மண்டபத்திலும் மற்ற இரண்டு துறைகளிலும் அவர் படியில் இறங்கிப் பாட்டிலை நேராக முக்கினார். பாலத்தில் இறங்க வழியில்லை. எவர்சில்வர் வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். வாளி மேலே வந்ததும் தஸ்லிமாவின் கண் கயிற்றில்தான் போய் நின்றது. புத்தம் புதுத் தேங்காய்நார்க் கயிறு. முடிச்சின் நுனி வாளித் தண்ணீருக்குள்ளேயே கிடந்து பழுப்பாகச் சாறு விட்டுக்கொண்டிருந்தது.

“இது ஏதுண்ணே?”

“மேடம்தாம்மா பிளாஸ்டிக் எதுவும் படக்கூடாதுன்னாங்க. நைலான் கயித்தத் தூக்கிப் போட்டுட்டு, காந்தி மார்க்கெட்ல அசல் நாரா பார்த்து வாங்கினேன். மூணு வாரம் ஆச்சு,” என்றார் வெள்ளைச்சாமி பெருமையாக.

நல்ல மனுஷன், நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறார். தஸ்லிமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதே கயிற்றில் ஒரு சாண் வெட்டி வாங்கிக்கொண்டாள். கூடத்துக்குத் திரும்பியதும் தன் பாட்டில்கள் இரண்டில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் கயிற்றைப் போட்டாள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அது பால் விடாத டீயாகிவிட்டது.

“ரெண்டையும் மெஷின்ல வைங்க மேடம்.”

கயிறு ஊறிய தண்ணீர் மெஷினின் அளவையே தாண்டியது. தேவதர்ஷினி அடுத்த எண்ணைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறில்லாத பாட்டில், ஏறக்குறைய பூஜ்யம்.

“இவ்வளவு சுத்தமான பாட்டில நான் படிச்ச காலேஜ்லகூடப் பார்த்ததில்லக்கா. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க.” எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். தஸ்லிமா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, கையை மறுபடி கழுவப் போனாள்.

கயிறு போய் எவர்சில்வர் சங்கிலி வந்தது. பாலத்துத் தண்ணீரும் மூன்றுக்கு இறங்கியது. இப்போதெல்லாம் காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டில் ஒன்றும் பெட்டியில் போகிறது. பாலத்தில் வைத்து அதை அதே வாளியில் ஊற்றி, அதே பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆற்றுத் தண்ணீரைத் தொடுமுன் மெஷின் அதைத்தான் அளக்கும். அது பூஜ்யத்தை ஒட்டி இல்லாவிட்டால் அன்றைய வேலை அத்தனையும் குப்பை. அந்தப் பாட்டிலின் லேபிளில் தேவதர்ஷினி தன் கையாலேயே ஒரு பெயர் எழுதியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமைதோறும், கழுவும் அறையில் ஆசிட் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது, உள்ளேயிருந்து மேடத்தின் குரல் தஸ்லிமாவுக்குக் கேட்கும்:

“தஸ்லிமா சரியா இருக்கு. ஆத்துத் தண்ணிய ஆரம்பிங்க.”