மூன்று நாள் கம்பைல்

அக்கா பட்டுச்சேலைக் கரைக்கு டிசைன் போடுவாள். வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அவளுடையது. பராமரிக்கிறேன் என்ற பெயரில் அதைக் கெடுப்பது என் வேலை.

கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸை இரண்டு விதமாகப் போடலாம். யாரோ கட்டிவைத்த பொட்டலங்களை சிடியிலிருந்து இறக்கினால் அரை மணியில் முடிந்துவிடும். இல்லையென்றால் மூல நிரலை எடுத்து, ஒவ்வொரு மென்பொருளையும் நம் மெஷினிலேயே கம்பைல் செய்து கட்டலாம். நாள்கணக்கில் ஆகும், ஆனால் வேகம் பறக்கும் என்று நம்பினேன். நம்பியதோடு விட்டிருக்கலாம்.

சின்ன காஞ்சிபுரத்து நண்பன் பொட்டலக் கட்சி. "பசிச்சா சாப்பிடணும்டா. நெல்லு விதைச்சுண்டு உக்காந்திருப்பாளா?" என்பான். அவனை ரெடிமேட் என்று கேலி செய்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை பழைய சிஸ்டத்தை முழுக்க அழித்தேன். அக்காவின் டிசைன்கள் தனி சிடியில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திறக்கத்தான் வீட்டில் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை அவள் ஒரு கரை டிசைனை அச்செடுத்துக் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். பிடித்திருந்தால், அவளாக வாங்கும் முதல் ஆர்டர் அது. ஞாயிறு காலையிலும் திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. பத்து மணிக்குக் கரண்ட் போனது. வந்ததும், பாதியில் நின்றதை மறுபடி தொடங்கினேன்.

"புதுப் பாவு சேக்கறதுக்கு முன்னாடி எவனாவது பழைய பாவை அறுத்துக் கடாசுவானா? நெசவுக்காரன் வூட்ல பொறந்தவனாடா நீ?" என்று அக்கா கத்தினாள்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் நுனியை விட்டுவைத்து, புதிய பாவை இழை இழையாக அதோடு முறுக்கிச் சேர்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அவள் சொன்னது சரி என்பதாலேயே கோபித்துக்கொண்டு தாமல் ஏரிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பினால், பிரின்டர் கரகரவென்று கரையை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நண்பன் காபி குடித்துக்கொண்டிருந்தான். என் கம்பைல் முடிந்துவிட்டது என்று சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா வேகத்தை? சொந்தமா கட்டினதுன்னா சும்மாவா?" என்று ஆரம்பித்து அவனுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். தலையாட்டிக்கொண்டே கேட்டான். ஆர்டரும் கிடைத்தது. ஒரு மாதம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் மேசை இழுப்பறையில் ஒரு லினக்ஸ் சிடி அகப்பட்டது. மேலே நண்பனின் கையெழுத்து. அக்காவிடம் நீட்டினேன்.

"நீ ஏரிக்குப் போனப்ப நான்தான் அவனைக் கூப்ட்டேன். உன்னுதை நிறுத்திட்டு இதைப் போட்டுக் குடுத்தான்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"அவன்தான் வேணாம்னான். நீ அவ்ளோ சந்தோஷமா பேசிக்கினு இருந்தியே."

வெட்கம் பிடுங்கித் தின்றது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவன் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"போனாப் போறதுடா," என்றான். "சிஸ்டம் போட அரை மணிதான் ஆச்சு. நீ பேசினதுக்குத்தான் ஜாஸ்தி நாழி."