ஜாடி அறையில் ஒரு நாற்காலி

ஜாடியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அருங்காட்சியகத்தின் மூன்றாவது அறையில், அறுநூறு வருஷப் பழசான சீனத்துப் பீங்கான் ஜாடிகளுக்குக் காவல். காலையில் கதவு திறந்ததிலிருந்து சாயங்காலம் மணி அடிக்கும்வரை கால் கடுக்க நிற்க வேண்டும். வாசலில் டிக்கெட் கிழிக்கிற எனக்காவது ஒரு ஸ்டூல் உண்டு. அவளுக்கு அதுவும் கிடையாது. வீட்டுக்குப் போனால் மருமகள் வேறு, "சும்மா நிக்கிறதுக்கு சம்பளம் தராங்க, குடுத்து வச்சவங்க" என்று குத்திக் காட்டுவாள்.

வேலைக்கு வந்த நாளிலிருந்து அக்கா கேட்டது ஒரே ஒரு நாற்காலி. முட்டி வீங்கி, படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைப்பாள். காப்பாட்சியர் ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "நாற்காலி போட்டா அறையோட அழகே கெட்டுடும்மா." ஜாடிகளுக்கு மட்டும் அடியில் வெல்வெட் மெத்தை.

"அதுங்க பொறந்த நேரம் அப்படி" என்று அக்கா சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவளுக்குத் தலை சுற்றியது. அப்படியே சாய்ந்திருந்தால் நீலப்பூ போட்ட பெரிய ஜாடியின் மேல்தான் விழுந்திருப்பாள். உடம்பை முறுக்கிக்கொண்டு சுவரோரமாக விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடினேன். எனக்கு முன்னால் ஓடிவந்த காப்பாட்சியர் ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு உடைந்து கிடந்தவள் அவரிடம் கேட்டாள்: "சார், அதுக்கு ஒண்ணும் ஆகலையே?" அவளை அறையலாம் போல இருந்தது எனக்கு. அவரையும்தான்.

அவள் கைக்கட்டைப் பிரிப்பதற்குள் எல்லா ஜாடிகளுக்கும் கனமான கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது, கேமராவும் வந்தது. இனி யார் விழுந்தாலும் ஜாடிக்கு ஆபத்தில்லை, அதனால் காவலுக்கு ஆளும் தேவையில்லை என்று அவளை நிறுத்திவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்து ரசிப்பதற்காக அறை நடுவில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றும் போட்டார்கள். இப்போது அழகு கெடவில்லையாம்.

சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு டிக்கெட் குடு."

"உனக்கு எதுக்குக்கா டிக்கெட்? சும்மா போ."

"சும்மா போனா எழுப்பி விட்டுடுவாங்க. குடுடி."

கிழித்துக் கொடுத்தேன். உள்ளே போனாள். அந்த நாற்காலியை வெறும் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஜாடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.