இல்லை என்று எழுதாத கடிதம்

ஸ்ரீரங்கத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுத்தான் நான் படித்தேன். பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு சரி. பட்டா மாற்ற மனு எழுத வந்த ஒருவர், "ஆபீஸ்ல நம்ம பேப்பர் தூங்கும், நாமதான் தூங்க முடியாது" என்றார். முதியோர் பென்ஷன் கேட்டு வந்த ஒரு அம்மாள், "நான் உசிரோட இருக்கேன்னு நான் சொன்னா நம்ப மாட்டாங்களாம், நீ எழுதினா நம்புவாங்களாம்" என்றாள். இப்படி ஒவ்வொருவர் சொன்னதையும் மனதில் போட்டுவைத்து, அவர்களுக்காக எழுதி எழுதியே எனக்கு எழுத்து வந்தது. என் கூடப்பிறந்த அக்காவுக்கு மட்டும் அது உதவவில்லை. உதவவில்லை என்பதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை.

அக்காவைத் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா போன பிறகு நாலு கறவை மாடுகள்தான் அவளுக்குச் சோறு, துணை, பேச்சு எல்லாம். விடிந்ததும் கேனோடு பால் சொசைட்டியில் நிற்பாள். வரிசையில் தனக்கு முன்னால் ஒருத்தி நின்றுவிட்டால் அன்று முழுக்கப் பொருமுவாள்.

ஒருநாள் சொசைட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ பேசி அனுப்பிய குரல் வந்தது. தில்லியில் வெளிநாட்டுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசுகிறார்களாம். பால்பவுடரும் வெண்ணெயும் வரியில்லாமல் கப்பல் கப்பலாக இறங்கப்போகிறதாம். அப்புறம் நம் பாலைச் சொசைட்டி வாங்காதாம். புத்தியுள்ளவர்கள் இப்போதே மாட்டை விற்றுவிடுங்கள் என்றது அந்தக் குரல். சொன்னது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஊரில் மாடு விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா பஸ் ஏறி என் கடைக்கு வந்தாள்.

"தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தப் பேச்சுல பால் இருக்கா இல்லையா? இருக்குன்னா இப்பவே வித்துடறேன். இல்லேன்னா எவன் சொன்னாலும் விக்க மாட்டேன்."

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கறியே, எனக்கு ஒரு லெட்டர் எழுத மாட்டியா?"

எழுதினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தில்லி வர்த்தகத் துறைக்கு ஒரே ஒரு கேள்வி: இந்த ஒப்பந்தத்தில் பால் பொருட்களுக்கு இறக்குமதி வரி குறைகிறதா, இல்லையா? பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்தேன். எனக்கு இங்கிலீஷ் ஓடாது. சித்திரை வீதியில் குடியிருந்த பெரியவர் ஒருவர், மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேப்பர் படிக்க என் கடைக்கு வருவார். அவர்தான் இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தார்.

மாதம் முடியும் முன்பே பதில் வந்தது. அக்காவையும் வரச்சொன்னேன். பெரியவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேச்சுவார்த்தை நடந்துண்டிருக்காம். விவரம் வெளியில போனா தேசத்தோட வர்த்தக நலனுக்கும் வெளிதேசத்து உறவுக்கும் பங்கமாம். எட்டாம் பிரிவுப்படி தர முடியாதுங்கறான்."

"அதுல பால் இருக்குங்களா சாமி?" என்றாள் அக்கா.

"அதைத்தாம்மா சொல்ல மாட்டேங்கறான்."

"அப்ப இல்லீங்களா?"

"அதையும் சொல்லலை. பெருமாள் சத்தியமா இந்தக் காகிதத்துல ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. இதை வெச்சுண்டு ஒரு முடிவுக்கும் வரப்டாது."

அவர் அத்தனை தெளிவாகச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. நம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அதே கணக்கை நான் தில்லிக்கும் போட்டேன். "இல்லேன்னா இல்லேன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்கல்ல சாமி? ஏதோ இருக்கப் போய்த்தானே மூடி மறைக்கறாங்க" என்றேன். மேல்முறையீடும் போட்டுப் பார்த்தோம். அதே பதில், வேறு கையெழுத்து. அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"வித்துடுக்கா" என்றேன்.

சந்தை நாளில் நானே கூடப் போனேன். மணப்பாறைச் சந்தையில் அன்றைக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் நிறைய. விற்க வந்த முகத்தைப் பார்த்ததுமே வியாபாரிகளுக்குத் தெரிந்துவிட்டது, இவர்கள் பயந்து வந்தவர்கள் என்று. தரகர் தோளில் கிடந்த துண்டை விரித்து, வியாபாரியின் கையையும் தன் கையையும் அதற்குள் மறைத்துக்கொண்டார். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

"என்னண்ணே பேசறீங்க? என் மாடு, எனக்குச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

"இரும்மா, உனக்காகத்தானே பேசிக்கிட்டிருக்கேன்."

"அதான் என்னான்னு கேக்கறேன்."

"சத்தமா சொன்னா சுத்தி நிக்கிறவன் எல்லாம் உன் விலையைத் தெரிஞ்சுக்குவான். அடுத்த மாட்டுக்கு எவன் மேல கேப்பான்? உன் நல்லதுக்குத்தான் மூடி வெச்சிருக்கேன்."

"அப்ப என் கையை உள்ள விடறேன். எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "விட்டா அக்காவே தரகுக்கு வந்துடும் போலருக்கே!" என்றான் ஒருவன். அக்கா சிரிக்கவில்லை. தரகர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். பக்கத்து வியாபாரிக்குத் தெரியக்கூடாது, சரி. மாட்டுக்குச் சொந்தக்காரிக்குமா தெரியக்கூடாது? இதை அங்கே வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது, அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு வந்தேன். துண்டு விலகியபோது, அவள் நினைத்த விலையில் பாதிகூட இல்லை. நாலு மாடும் நாலு பக்கம் போயின.

அதன்பிறகு அவளால் அந்த ஊரில் காலை நேரத்தைத் தள்ள முடியவில்லை. சமயபுரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பெருக்கி, படுக்கை விரிப்பு துவைக்கிற வேலைக்குப் போனாள். அங்கேயே படுக்கை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டாள். சொசைட்டி இன்னும் பால் எடுக்கிறதே என்று யாராவது சொன்னால், "கையெழுத்து ஆகட்டும், அப்புறம் பாருங்க" என்பாள். நான் சொன்னதை அவ்வளவு நம்பியிருந்தாள்.

பல மாதம் கழித்துக் கையெழுத்து ஆனது. அதற்கப்புறம்தான் ஒப்பந்தத்தை வெளியிட்டார்கள். பெரியவர் போனை நீட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். முடிவில்லாத பட்டியல் அது. விரலால் தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பால், தயிர், வெண்ணெய், பவுடர் எல்லாத்துக்கும் சலுகை கிடையாதுன்னு போட்டிருக்கான். பாலை ஆரம்பத்துலேர்ந்தே பேச்சுல எடுத்துக்கவே இல்லைன்னு வேற பெருமையா சொல்லிக்கறா."

ஜெராக்ஸ் மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய பத்திரம் என்று நினைவில்லை. ஐந்து காப்பி கேட்டவருக்கு முப்பது எடுத்துவிட்டேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது, மாடு திரும்பவா வரப்போகிறது, இருக்கிற நிம்மதியும் போய்விடும். இப்படியே நாட்கள் ஓடின. "அக்காகிட்ட சொல்லியாச்சோ?" என்று பெரியவர் கேட்டார்.

"அவங்க நல்லதுக்குத்தான் சாமி சொல்லாம இருக்கேன்."

"நன்னா இருக்கு. அந்த ஆபீஸ்காரனும் இதையேதான் எழுதியிருந்தான்."

கடையைப் பாதியில் அடைத்துவிட்டுச் சமயபுரம் பஸ் ஏறினேன். அக்கா லாட்ஜ் மாடியில் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப்பு. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துக் குத்தினாள்.

"அப்ப பால் அதுல இல்லவே இல்லையா?"

"இல்லக்கா."

"நாம கேட்டு எழுதினோமே, அப்ப?"

"அப்பவும் இல்ல."

"இல்லைன்னு ஒரு வார்த்தை. அதை எழுத அவங்களுக்கு என்னடா வலிக்குது?" அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

இன்றைக்குத்தான் என்று வாய்வரை வந்தது. "பதினோரு நாளாச்சு" என்றேன்.

"போன வாரம் மண்ணச்சநல்லூர்க்காரன் போன் பண்ணான்டா, நம்ம செவலை மாட்ட வாங்கினவன். யாரையும் கறக்க விட மாட்டேங்குது, குடுத்த விலைக்கே நீயே எடுத்துக்கறியாம்மான்னு கேட்டான். பால் பொழப்பே போகப்போவுது, எனக்கு எதுக்குய்யா மாடுன்னு சொல்லிட்டேன்."

"இப்பக் கேளுக்கா, நான் பேசறேன், நம்பரைக் குடு."

"ரெண்டு நாள்ல அடிமாடா கேரளா லாரில ஏத்திட்டான்."

அவள் விரல்விட்டு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழாவது நாளில் விரல் நின்றது.

"அவன் பேசின அன்னைக்கு ராத்திரி நீயும் எனக்கு போன் பண்ணே. சாப்டியாக்கான்னு கேட்டே. ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா" என்றேன்.