எட்டடி தோண்டியும் எழும்பாத வீடு

2002 ஆவணி, ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு மதுரையில் பேருந்து ஏறினேன். கோவில்பட்டிக்கு நூறு கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். அச்சகத்தில் என்னோடு வேலை பார்த்த சண்முகம் அங்கே வீடு கட்டுகிறான். ஒன்பது மணிக்கு வாசல் நிலை வைக்கிற முகூர்த்தம். எனக்குச் சொந்த வீடு கனவில்கூட வராது. கொஞ்சம் பொறாமையோடுதான் போனேன்.

எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். எட்டயபுரம் சாலையில் நான்கு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். "பிளாட்டுக்கா? மழை பெஞ்சா உள்ள வரமாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்" என்றார் ஓட்டுநர். இறங்கியவன் திகைத்துப் போனேன். சுவரே இல்லை. கரிசல் மண்ணில் ஆள் மறைகிற பள்ளம். அதன் ஓரத்தில், மஞ்சள் பூசிய நிலையை நாலு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

சண்முகத்துக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். அவன் ஊரில் மூன்றடியில் பாறை தட்டிவிடும். இங்கேயும் அப்படித்தான் என்ற நினைப்பில் முகூர்த்தம் குறித்து, பத்திரிகை கொடுத்து, வாடகை வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லிவிட்டான்.

"எட்டடி தோண்டியாச்சு அண்ணாச்சி, இன்னும் கரிசல்தான் வருது" என்றார் கொத்தனார். "இதுல கட்டுனா மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். வீடு ரெண்டாப் பொளந்துரும்."

"சொந்தக்காரங்க எல்லாம் வந்தாச்சுல்லா, என்ன செய்ய?" என்றான் சண்முகம். சென்ட் ஆறாயிரம் என்று மூன்று சென்ட் வாங்கியவன். மிச்சம் இருந்த பணமும் தோண்டுகிற கூலியாகக் குழிக்குள் போயிருந்தது.

சண்முகம் முன்பு காட்டிய மனைப்படத்தில் பச்சை மை பூசிய பூங்கா எங்கே என்று கேட்டேன். கொத்தனார் கை காட்டிய இடத்தில், பேஸ்மட்டம் முடிந்த ஒரு வீடு! "அங்கன மட்டும்தான் சரள் மண்ணு. மூணடியில பாறை தட்டிரும்" என்றார். மனை போட்டவர்கள் பூங்காவையே விற்றிருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாட விட்ட இடம்!

முகூர்த்தம் தவறாமல் தேங்காய் உடைத்தார்கள். பந்தியில் பாயசம் வருமுன் அந்தப் பூங்கா வீட்டுக்காரர் வந்தார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். நிலையைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வேம்பு. எனக்குக் குடுத்துருங்களேன், நீங்க கட்டும்போது வேற செஞ்சுக்கிடலாம்லா" என்றார். சண்முகம் சம்மதித்து ரூபாயை வாங்கிக்கொண்டான். குடியிருந்த வீட்டுக்கு வேறு ஆள் வருகிறார். வேறு வீடு பிடிக்க அட்வான்ஸ் வேண்டும்.

நிலையைத் தூக்க ஆள் வந்ததும், அவன் மனைவி மாரியம்மாள் துணியை நனைத்து மஞ்சளையும் குங்குமத்தையும் துடைக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்று பதறினான் சண்முகம்.

"அவிய மரத்துக்குத்தான ரூவா குடுத்தாவ? மரம் மட்டும் போவட்டும்" என்றாள். மூலைமுடுக்கு விடாமல் துடைத்த பிறகுதான் தூக்க விட்டாள்.

ஒன்றரை மணிப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் கரிசல் காட்டில் வெள்ளையடித்த மனைக்கற்கள். மதுரையில் என் வாடகை வீட்டில் தண்ணீர் விடாததற்காக, திரும்பியதும் வீட்டுக்காரரிடம் சண்டை போடுவதாக இருந்தேன். அன்றைக்குப் போடவில்லை.